விளையாட்டுக் கணினிக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும்?

கணினிக் கடைக்குள் நுழையும் நம்மவர் பலரும் முதலில் கேட்கும் கேள்வி, "மெமரி எவ்வளவு?" என்பதுதான். கடைக்காரரும் சளைக்காமல் 16 என்பார், 512 என்பார். இரண்டையுமே அவர் மெமரி என்றுதான் சொல்வார். ஆனால் ஒன்று ரேம், மற்றொன்று எஸ்.எஸ்.டி. கைத்தொலைபேசி வாங்கும்போதும் இதே குழப்பந்தான். "128 மெமரி" என்று பெருமையாகச் சொல்லப்படுவது படங்களும் காணொளிகளும் தங்கும் இடமே தவிர, கருவி வேலை செய்யும் இடமன்று. தமிழில் இந்தக் குழப்பத்திற்கு இடமே இல்லை. ரேம் என்பது நினைவகம், எஸ்.எஸ்.டி.யும் வன்தட்டும் சேமிப்பகம். நல்ல சொற்கள் கையில் இருந்தும் கடையில் நாம் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. இக்கட்டுரையில் நினைவகம் என்று நான் எழுதும் இடமெல்லாம் ரேமையே குறிக்கும்.

இதைப் பற்றி எழுத வேண்டிய தேவை என் வீட்டிலேயே வந்தது. என் தம்பிக்கு ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. 1969இல் தொடங்கப்பட்ட, நாட்டின் முதல் பாலிடெக்னிக் அது. படிப்புக்கு ஒரு கணினி வேண்டும். விளையாட்டுக்கும் அதே கணினி வேண்டும். (தம்பியின் கணக்கில் வரிசை தலைகீழ்.) கையில் உள்ள பணம் மூவாயிரம் வெள்ளி. அந்தப் பணம் அம்மாவின் ஊழியர் சேமநிதியிலிருந்து வருகிறது. 2024 மே மாதம் தொடங்கி, சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய மூன்றாவது கணக்கு ஒன்று திறக்கப்பட்டது நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் கை வைத்துத்தான் இந்தக் கணினி. ஆகவே நினைவகத்திற்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் அம்மாவின் முதுமைக் காலத்திலிருந்து எடுக்கும் வெள்ளி. தம்பி கேட்டது 32 ஜிகாபைட். "எல்லாரும் 32தான் போடுறாங்க அக்கா" என்றான். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன், பதில் இல்லை.

நினைவகம் செய்யும் வேலை

நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் எனக்கென்று மேசை கிடையாது. பாட்டியின் தையல் இயந்திரத்தின் மேற்பலகைதான் மேசை. அதில் இரண்டு புத்தகங்களை விரித்து வைக்கலாம். மூன்றாவதை எடுக்க வேண்டுமானால் ஒன்றை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும். நினைவகம் அந்தப் பலகை, சேமிப்பகம் அலமாரி. அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பலகை அகலமாகிவிடாது. பலகையில் இடம் போதாதபோது கணினியும் நான் செய்ததையே செய்கிறது. உடனடித் தேவையில்லாததை எஸ்.எஸ்.டி.க்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது மீண்டும் எடுத்து வருகிறது.

இந்தப் போக்குவரத்துக்கு ஆகும் நேரந்தான் சிக்கல். நினைவகத்திலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். நல்ல எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்கப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பழைய சுழலும் வன்தட்டாக இருந்தால் நூறில் ஒரு பங்கு. அதாவது எஸ்.எஸ்.டி. ஆயிரம் மடங்கும் வன்தட்டு இலட்சம் மடங்கும் மெதுவானவை. விளையாட்டு, விநாடிக்கு 60 படங்களைத் திரையில் காட்டுகிறது என்றால் ஒரு படத்திற்குக் கிடைப்பது அறுபதில் ஒரு பங்கு விநாடி மட்டுமே. அதற்குள் வன்தட்டுக்கு இரண்டு முறை போய்வர நேர்ந்தால் அந்தப் படம் தவறிவிடும். விளையாடுகிறவர் "லேக்" என்று இணையச் சேவையைத் திட்டுவார். பல நேரங்களில் இணையத்தின் மேல் குற்றமே இருக்காது. பலகையில் இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி புலப்படும். இடம் போதாதபோது நினைவகத்தைக் கூட்டினால் பெரிய மாற்றம் தெரியும். இடம் போதுமானதாக இருக்கும்போது கூட்டினால் எந்த மாற்றமும் தெரியாது. இரண்டு புத்தகம் விரித்துப் படிக்கிற பிள்ளைக்குப் பத்துப் புத்தகம் கொள்ளும் மேசை வாங்கிக் கொடுத்தால் வாசிப்பின் வேகம் கூடிவிடாது. 8 ஜிகாபைட்டில் திணறும் விளையாட்டு 16இல் சீராக ஓடுவதைப் பார்த்தவர்கள், 32 போட்டால் இன்னும் இருமடங்கு சீராகும் என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படி ஆவதில்லை.

விளையாட்டுகள் கேட்பது எவ்வளவு?

தம்பியும் அவன் நண்பர்களும் அன்றாடம் ஆடுவது வேலொரண்ட், டோட்டா 2 ஆகிய இரண்டும்தான். இவ்விரண்டுக்கும் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் குறைந்த அளவு 4 ஜிகாபைட். 2023இல் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் 2க்கு 8. காற்பந்துப் பிரியர்களின் எஃப்.சி. 25க்குக் குறைந்தது 8, பரிந்துரை 12. கொஞ்சம் கனமான விளையாட்டுகளுக்கு வந்தால், சைபர்பங்க் 2077 தன் 2023ஆம் ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பிறகு குறைந்தது 12, பரிந்துரை 16 என்று கேட்கிறது. தம்பி கனவு காணும் பிளாக் மித்: வூகோங், 2024இல் வந்தது, குறைந்த அளவே 16 என்கிறது. நான் பார்த்த பட்டியல்களில் மிகவும் பேராசை பிடித்தது மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024. குறைந்தது 16, பரிந்துரை 32, சிறப்பான அனுபவத்திற்கு 64! விமானம் ஓட்டும் ஆசை தம்பிக்கு இதுவரை வரவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

"குறைந்த அளவு" என்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அந்த எண், விளையாட்டு எப்படியோ ஓடிவிடும் என்பதற்கான எண். விண்டோஸ் 11 தனக்கென்று சில ஜிகாபைட்டுகளை எடுத்துக்கொள்ளும். அதற்குமேல் டிஸ்கார்ட், பாதி மூடிய பத்து உலாவிப் பக்கங்கள், பின்னணியில் ஒரு பாடல் என்று நம் பிள்ளைகள் எதையும் தனியாக ஓடவிடுவதில்லை. ஆகவே பட்டியலைப் படிப்பதைக் காட்டிலும் அளந்து பார்ப்பதே நல்லது என்று தோன்றியது.

அளப்பதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலோர் அங்கே தெரியும் விழுக்காட்டைப் பார்த்து, "80 விழுக்காடு நிறைந்துவிட்டதே" என்று பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. நாம் பார்க்க வேண்டியது "கமிட்டெட்" என்ற பெயருக்குக் கீழே உள்ள முதல் எண்ணை. இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து தங்களுக்கு வேண்டுமென்று கேட்டுப் பதிந்துவைத்திருக்கும் அளவு அது. அது உங்கள் ரேமின் அளவைத் தாண்டி ஓரிரண்டு ஜிகாபைட் போனால் பெரிதாகத் தெரியாது. தொடர்ந்து வெகுவாகத் தாண்டி நின்றால் பலகை போதவில்லை என்று அர்த்தம்.

தம்பி இப்போது பயன்படுத்துவது மாமா மகனிடம் இரவல் வாங்கிய 8 ஜிகாபைட் மடிக்கணினி. அவன் வழக்கம்போல் வேலொரண்டும் டிஸ்கார்டும் உலாவியும் திறந்து ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கமிட்டெட் எண் 11க்கும் 12க்கும் இடையில் நின்றது. 4 போதும் என்ற விளையாட்டுக்கு வீட்டில் உண்மையாக ஆகும் செலவு அது. 8 போதாது என்பதும், 16இல் தாராளமாக அடங்கும் என்பதும் அந்த ஓர் எண்ணிலேயே தெளிவாகிவிட்டன.

32க்கு ஒரு நியாயமான காரணம் உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. இயந்திரவியல் மாணவர்கள் பயன்படுத்தும் ஆட்டோடெஸ்க் இன்வென்டர் என்னும் முப்பரிமாண வரைவு மென்பொருள், குறைந்தது 16, பரிந்துரை 32 என்கிறது. ஆனால் அந்தக் குறைந்த அளவே ஐந்நூறு பாகங்களுக்கு உட்பட்ட பொறிகளை வரையப் போதுமானதாகச் சொல்லப்படுகிறது. ஐந்நூறு பாகங்கள் கொண்ட இயந்திரத்தை முதல் பருவத்திலேயே வரையச் சொல்லும் விரிவுரையாளர் இருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

ஒரு பட்டையா, இரண்டு பட்டையா?

அளவை முடிவு செய்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சும். 16 ஜிகாபைட்டை ஒரே பட்டையாக வாங்குவதா, எட்டு எட்டாக இரண்டு பட்டைகள் வாங்குவதா? பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. பாட்டி காண்டா வாளி சுமந்தவர். தோளில் ஒரு கம்பு, முன்னால் ஒரு வாளி, பின்னால் ஒரு வாளி. ஒரே வாளியில் சுமந்தால் நடை இரண்டாகும். கணினியிலும் செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையில் பெரும்பாலான தாய்ப்பலகைகளில் இரண்டு தடங்கள் உண்டு. ஒரே பட்டை போட்டால் ஒரு தடம் வெறுமனே கிடக்கும்.

எண்களில் சொன்னால், 3200 வேகமுள்ள டி.டி.ஆர்.4 பட்டை ஒன்று விநாடிக்கு 25.6 ஜிகாபைட் வரை கொண்டு செல்லும். இரண்டு போட்டால் 51.2. கொள்ளளவு அதே 16தான். பாதை மட்டும் இருமடங்கு. தனி வரைகலை அட்டை இல்லாமல், செயலிக்குள் இருக்கும் வரைகலையை நம்பி ஆடுகிறவர்களுக்கு இது மிகப் பெரிய வேறுபாட்டைக் காட்டும். ஏனென்றால் அந்த வரைகலைப் பகுதிக்குச் சொந்த நினைவகம் கிடையாது. நம் ரேமிலேயே ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அதே பாதையில் போய்வருகிறது. அத்தகைய கணினியில் ஒரே பட்டையாக 16 போடுவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. தனி அட்டை இருந்தால் அதற்கென்று தனி நினைவகம் அட்டையிலேயே இருக்கும். அப்போது வேறுபாடு குறையும், ஆனாலும் இல்லாமற்போகாது.

புதிய டி.டி.ஆர்.5 வகையில் 6000 வேகமுள்ள ஒரு பட்டையே 48 ஜிகாபைட் வரை கொண்டு செல்லும். பழைய வகையின் இரண்டு பட்டைகளுக்கு அது கிட்டத்தட்ட சமம். ஆகவே டி.டி.ஆர்.5 தாய்ப்பலகை வைத்திருப்பவர் இப்போதைக்கு ஒரே 16 பட்டை வாங்கி, பிறகு இன்னொன்று சேர்ப்பதில் தவறில்லை. ஒன்றுக்குரிய பட்டை மற்றொன்றில் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பள்ளம் இருக்கும் இடமே வேறு.

விலை ஏன் இப்படி ஏறியது?

ஓராண்டுக்கு முன் இக்கட்டுரையை எழுதியிருந்தால், "கையில் காசிருந்தால் 32 போட்டுக்கொள்ளுங்கள், விலையில் பெரிய வேறுபாடில்லை" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். 2025 செப்டம்பருக்குப் பிறகு நிலைமை தலைகீழாயிற்று. ஆண்டு முடிவதற்குள் பல வகைப் பட்டைகளின் விலை இரண்டு மடங்கு, சிலவற்றின் விலை மூன்று மடங்கு என்று ஏறியது. இன்று கேட்ட விலை அடுத்த வாரம் இருப்பதில்லை என்பதால் வெள்ளிக் கணக்கை இங்கே எழுதவில்லை.

காரணம் செயற்கை நுண்ணறிவு. உலகின் கணினி நினைவகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் மூன்றே நிறுவனங்களிடமிருந்து வருகிறது. தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன். செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளுக்கு எச்.பி.எம். என்னும் அடுக்கு நினைவகம் தேவை. அதே அளவு ஜிகாபைட்டைத் தயாரிக்க, சாதாரண டி.டி.ஆர்.5ஐவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கன் தட்டுகளை அது விழுங்கும். விலையும் அதிகம், வாங்குகிறவர்களும் பெரிய இடம். 2025 அக்டோபரில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் சாம்சங்கோடும் ஹைனிக்ஸோடும் செய்த உடன்பாட்டில் பேசப்பட்ட இலக்கு, மாதம் 9 இலட்சம் தட்டுகள். டிசம்பர் 3ஆம் நாள் மைக்ரோன், நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த குருஷியல் என்ற தன் வணிகப் பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. அந்தப் பட்டைகளைத்தான் நானும் பரிந்துரைப்பதாக இருந்தேன்.

இதில் நமக்குத் தொலைவான செய்தி எதுவும் இல்லை. மைக்ரோனுக்குப் பினாங்கு பத்து காவானிலும் மூவாரிலும் ஆலைகள் உண்டு. இன்டெல், 1970இல் 1103 என்ற நினைவகச் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்து பேர் வாங்கிய நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் பினாங்கில்தான் அமைத்தது. அந்த 1103இல் இருந்த நினைவுக் கண்கள் 1,024. இன்று 16 ஜிகாபைட்டில் இருப்பவை ஏறத்தாழ 13,700 கோடி. ஒவ்வொரு கண்ணும் ஒரு மின்தேக்கியும் ஒரு திரிதடையமும் கொண்டது, 1966இல் ஐ.பி.எம். பொறியாளர் இராபர்ட் டெனார்ட் கண்ட அமைப்பு இன்னமும் மாறவில்லை. நம் ஈப்போவிலேயே கார்செம், சிம்பாங் பூலாயில் யுனிசெம் என்று சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் ஆலைகள் இருக்கின்றன. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, ஆட்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, நம் பெண்கள் பலரை ஏற்றிச் சென்றவை இத்தகைய ஆலைகளின் பேருந்துகள்.

என் அம்மாவும் அப்படி ஓர் ஆலையில் பதினெட்டு ஆண்டுகளாக இரவு, பகல் என மாறிமாறி வேலை செய்கிறவர். சில்லையும் அதன் கால்களையும் இணைக்கும் கம்பி, தலைமுடியைவிட மெல்லிய கம்பி, அவர் பிரிவில் கட்டப்படுகிறது. கடையில் விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ள தங்கக் கம்பி இருக்கும், எனக்குத் தெரியும். ஆனா இவ்வளவு தங்கம் இருக்காது" என்றார். கடைக்காரச் சீனருக்குத் தமிழ் புரியவில்லை. நான் மொழிபெயர்க்கவும் இல்லை.

எங்கள் கணக்கு

மூவாயிரம் வெள்ளிக்குள் விளையாட்டுக் கணினி அமைக்கும்போது நினைவகத்தில் கூட்டுவதை வேறெங்கோ குறைத்தாக வேண்டும். குறைவது பெரும்பாலும் வரைகலை அட்டையில். அட்டை ஒரு படி தாழ்ந்தால் ஒவ்வொரு விளையாட்டிலும், ஒவ்வொரு நாளும் அது தெரியும். 32க்குப் பதில் 16 இருந்தால், தம்பி ஆடும் விளையாட்டுகளில் தெரியாது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப கார்டு பெருசா எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டான்.

முடிவு இதுதான். டி.டி.ஆர்.4 ஏற்கும் ஏ.எம்.4 வகைத் தாய்ப்பலகை, ரைசன் 5 5600 செயலி, 3200 வேகத்தில் எட்டு எட்டாக இரண்டு பட்டைகள். பழைய வகைதான். பெரிய உற்பத்தியாளர்கள் டி.டி.ஆர்.4ஐக் குறைத்துவருவதால் புதிய பட்டைகளின் விலையும் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் பயன்படுத்திய பட்டைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. கோலாலம்பூர் லோ யாட் வரை போக வேண்டியதில்லை. ஈப்போ யிக் ஃபூங் வளாகத்திலும் முடா இணையத்தளத்திலும் தேடலாம். நினைவகத்தில் சுழலும் பாகமோ தேயும் பாகமோ இல்லை என்பதால், கணினிப் பொருள்களுள் பயன்படுத்தியதாக வாங்க நான் அதிகம் அஞ்சாதது இதுவே. தாய்ப்பலகையையும் மின்வழங்கியையும் அப்படி வாங்க எனக்கு மனம் வராது.

ஆனாலும் சோதிக்காமல் வாங்கிவிடாதீர்கள். இரண்டு பட்டைகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே எண் கொண்ட இணையாக இருக்கட்டும். பொன்னிறக் கால்களில் கருகலோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரமாவது மாற்றித் தரும் உறுதியைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86 என்னும் இலவச மென்பொருளை யு.எஸ்.பி.யிலிருந்து இயக்கி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

நான்கு செருகிடம் உள்ள தாய்ப்பலகை என்றால், பட்டைகளைச் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். பக்கத்தில் பக்கத்தில் செருகினால் பெரும்பாலான பலகைகளில் இரண்டும் ஒரே தடத்தில் போய் உட்கார்ந்துவிடும். காண்டாவின் இரு வாளிகளையும் ஒரே முனையில் மாட்டிய கதைதான். மீதி இரண்டு செருகிடங்கள் காலியாக இருக்கும். இன்வென்டருக்கு உண்மையிலேயே இடம் போதாமற்போனால், விலை இறங்கிய பின் இன்னும் இரண்டு எட்டுகளைச் சேர்த்து 32 ஆக்கிக்கொள்ளலாம். அதற்காகவே இரண்டு செருகிடப் பலகையை வேண்டாமென்றோம்.

கடைசியாக ஒன்று. 3200 என்று எழுதியிருக்கும் பட்டையைச் செருகிய உடனே அது 3200இல் ஓடிவிடாது. டாஸ்க் மேனேஜரின் அதே பக்கத்தில் வேகம் என்ற எண்ணைப் பாருங்கள். 2133, 2400, 2666 என்று ஏதாவது காட்டினால், கணினியைத் திறக்கும்போது பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்கிவிட்டு வாருங்கள். சில பலகைகளில் அதற்கு டி.ஓ.சி.பி. என்று பெயர். ஐந்து நிமிட வேலை. இதற்குக் கூலி கேட்கும் கடைகளும் இருக்கின்றன, கொடுக்காதீர்கள்.